ஆபீசரின் கையெழுத்து

என் அக்கா புருஷனுக்கு எலக்ட்ரிக் வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை ஓங்கத் தோன்றும். ஓங்கியதில்லை. அந்தப் பேச்சு ஊரில் கிளம்பக் காரணமே நான்தான் என்பதால், கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அத்தான் இருபத்து நான்கு வருடம் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசின் ரெக்கார்டு ரூமில் இருந்தவர். கூரை வரைக்கும் அலமாரி, நடுவில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர். யார் எந்த ஃபைல் கேட்டாலும் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுந்து போய் எடுத்து வந்து கொடுப்பார். ஒவ்வொரு ஃபைலின் முதுகிலும் அவர் கையெழுத்தில் தலைப்பு இருக்கும். அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. நான் பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டுத் தெருவை அளந்துகொண்டிருந்தபோது, தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு எனக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் அந்தக் கைதான். உள்ளே சேர்த்துக்கொண்டவர், "எழுத்து நல்லா இருக்கே, உன்னுதா?" என்று கேட்டார். கூசாமல் ஆமாம் என்றேன்.

ஒருநாள் அந்த ஆபீசின் காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தது. ரெக்கார்டு ரூமை அத்தான் கையாலேயே பூட்டச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. பத்தாவது படிக்கிற ஒரு மகள். எட்டு மாதம் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் பையன்கள் உட்கார்ந்துகொண்டு, "சொல்லி அனுப்புறோம் சார்" என்றார்களாம்.

எட்டாவது மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"உப்பு டப்பாவுல உப்புன்னு எழுதி ஒட்டியிருக்கார்டா. சர்க்கரை டப்பாவுல சர்க்கரை. இருபது வருஷத்துக்கு மேலா நான் உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியாமலா சமைச்சுப் போட்டேன்? நேத்து துணிக் கொடியில 'மேல் கொடி, கீழ் கொடி'ன்னு ஒட்ட வந்தாரு. நீ அவரை உன்கூட வேலைக்குக் கூட்டிட்டுப் போ. இல்லன்னா என் நெத்தியிலயும் ஒரு லேபிள் ஒட்டிடுவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

நான் அப்போது லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். வயது முப்பத்தெட்டு. என்னிடம் இரண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். அத்தானைச் சேர்த்துக்கொள்ள எனக்கு இஷ்டமே இல்லை. வேலையிடத்தில் எனக்கு வாய் நீளம். ஆளைப் பார்த்துத் திட்டத் தெரியாது. நான் எழுந்து நின்று மரியாதை கொடுத்த மனிதரைப் பார்த்து, ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு "கண்ணு எங்க இருக்கு?" என்று கத்த வேண்டியிருக்குமே என்று பயந்தேன். முதல் வாரமே கத்தினேன்.

முதல்நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் வயரின் நுனி அவருக்குத் தெரியாது. மூன்றாவது படிக்கு மேல் ஏறினால் ஏணியும் சேர்ந்து நடுங்கும். என் ஆட்கள் அன்று மதியத்துக்குள் அவருக்கு 'ஆபீசர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஆபீசர், அந்த டிரில்லுக்கு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க" என்பார்கள். அத்தானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். நான் திட்டினால் "சரி தம்பி" என்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால் பழையபடி நான் எழுந்து நிற்பேன், அவர் "உட்காரு, உட்காரு" என்பார். வாரத்தில் ஆறு நாள் நான் பெரியவன், ஒரு நாள் அவர். இரண்டு பேருக்கும் இது எங்கோ குத்திக்கொண்டுதான் இருந்தது, வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதல் மாதமே அவருக்கு ஒரு பாடத்தைத் தலையில் அடித்துச் சொல்லியிருந்தேன். எந்த மெஷினைத் திறந்தாலும் முதலில் அதன் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்கிய சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் டெஸ்டர் வைக்காமல் கை வைக்கக் கூடாது. கரண்ட் ஓடுகிற வேறு ஏதாவது ஓர் இடத்தில் முதலில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப் போகிற வயரில். பிறகு மறுபடியும் கரண்ட் ஓடுகிற இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் அது பொய் சொல்லுமல்லவா, அதற்காகத்தான் மூன்று தடவை.

அத்தான் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். சிவப்பு மையில் கோடும் போட்டுக்கொண்டார். ஆபீஸ் விதி எதையும் மீறாத மனிதர், இதை மட்டும் மீறுவாரா? ஒரு சாதாரண பிளக்கைக் கழற்றக்கூட மூன்று தடவை வைப்பார். வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன அத்தான், அதுக்கு ஜுரமா? எத்தனை தடவைதான் தெர்மாமீட்டர் வைப்பீங்க?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன். என் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு அவர் டெஸ்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவன், "டாக்டர் வந்துட்டாரு" என்பான். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று இரண்டாகியது, இரண்டு ஒன்றாகியது. எனக்கு அது தெரியும். வேலை வேகமாக நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அவர் வேலை கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் கை நடுக்கம் போனது. ஒன்றரை வருடத்தில் வயரை அவர் மடித்துவிடுகிற அழகைப் பார்த்து என் பழைய ஆளே வாயைப் பிளந்தான். ரெக்கார்டு ரூமில் ஃபைல் அடுக்கியவருக்கு ஒரு பெட்டிக்குள் நாற்பது வயரை ஒழுங்காக அடுக்குவது பெரிய காரியமா? எந்த வயர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டால் உடனே பதில் வரும். நாங்களெல்லாம் வேலை முடிந்தால் கையைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள். அவர் உட்கார்ந்து லேபிள் எழுதுவார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய பேக்கரி இருக்கிறது. அடுப்பு, மாவு பிசையும் மெஷின், ரொட்டி வெட்டும் மெஷின், குளிர் அறை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பின்பக்க நடையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே அதன் மின் பெட்டி. இருபத்து நான்கு சுவிட்ச். எது எதற்கு என்று முதலாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஏதாவது பழுது என்றால் ஒவ்வொன்றாக இறக்கி, "எது நின்னுது?" என்று உள்ளே பார்த்துக் கத்துவதுதான் வழக்கம். அத்தான் மூன்று நாள் அந்த நடையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வயரையும் பின்தொடர்ந்து போய்ப் பார்த்து, நோட்டில் டிக் போட்டு, இருபத்து நான்குக்கும் லேபிள் ஒட்டினார். மேலே கண்ணாடித் தாள், மாவுத் தூசி படியாமல். பதினான்கு: மாவு பிசையும் மெஷின். பத்தொன்பது: காலி. பேக்கரிக்காரர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அத்தான்" என்று நான் வேலையிடத்தில் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் பெயரில் ஒரு லைசென்ஸ். இரண்டு வருடம் ஒரு லைசென்ஸ்காரரிடம் வேலை பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட அனுபவப் புத்தகத்தோடு பரீட்சைக்குப் போக வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் அவர் இரவல் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு விடியற்காலையில் மகளோடு சேர்ந்து படித்தார். "ஹெல்பர்னு சாகறதுக்கு எனக்கு இஷ்டமில்ல தம்பி. யாராவது என்ன வேலைன்னு கேட்டா ஒரே வார்த்தையில சொல்லணும்" என்றார். அனுபவப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பரீட்சைக்குத் தேதி வந்தது.

அந்தப் பரீட்சைக்கு இரண்டரை மாதம் முன்பு நடந்தது இது. அன்று அத்தான் லீவு, மகளைக் காலேஜில் சேர்க்கப் போயிருந்தார். மத்தியானம் பேக்கரிக்காரர் போனில் அலறினார், மாவு மெஷின் நின்றுவிட்டது, நூறு கிலோ மாவு உள்ளே கிடக்கிறது. போய்ப் பார்த்தேன். பதினான்காம் நம்பர் சுவிட்ச் உள்ளே கருகியிருந்தது. அந்த அளவுக்குப் புதுச் சுவிட்ச் கடையில் இல்லை, நாளாகும் என்றார்கள். பத்தொன்பது காலியாகத்தானே இருக்கிறது? மெஷினின் வயரைப் பதினான்கிலிருந்து கழற்றிப் பத்தொன்பதில் மாட்டினேன். மெஷின் ஓடியது. பதினான்கை இறக்கி விட்டேன். புதுச் சுவிட்ச் வந்ததும் பழையபடி மாற்றிவிடலாம், அதுவரைக்கும் லேபிளைத் தொட வேண்டாம், அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

சொல்லத்தான் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாயெடுக்கும் முன்பே அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"காலேஜ் ஃபாரத்துல அப்பா என்ன வேலைன்னு ஒரு இடம் இருக்கு தம்பி. நான் பேசாம நின்னேன். அவ என்னைக் கேக்கவே இல்ல. எலக்ட்ரீஷியன்னு எழுதினா. அவளா எழுதினா."

கண் கலங்கியிருந்தது. அக்கா, "காலையிலிருந்து இதோட பதினோராவது தடவை" என்று சலித்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்க வந்து நின்றாள். அந்தச் சந்தோஷத்தில் நானும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வீடு திரும்பினேன். பதினான்கும் பத்தொன்பதும் என் நினைவில் இல்லை. மறுநாளும் இல்லை. புதுச் சுவிட்ச் கடைக்கு வந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாவு மெஷின் மறுபடி நின்றது. இந்தத் தடவை கோளாறு மெஷினிலேயே. நான் வேறு இடத்தில் கையை விட முடியாத வேலையில் இருந்தேன். "நீங்களே பார்த்துடுங்க அத்தான்" என்று போனில் சொன்னேன். அவரைத் தனியாக அனுப்பியது அது முதல் தடவையும் இல்லை, அவருக்கு அது கஷ்டமான வேலையும் இல்லை.

அவர் போய்ப் பெட்டியைத் திறந்தார். பதினான்கு ஏற்கனவே இறங்கிக் கிடந்தது. மெஷின் நின்றதால் தானாக விழுந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதில் தன் பூட்டைப் போட்டார், சாவியைச் சட்டைப் பையில் வைத்தார். மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். டெஸ்டர் எதற்கு? அவரே மூன்று நாள் முட்டி போட்டுப் பார்த்து, அவரே எழுதி ஒட்டியது. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டார்.

வெடித்த சத்தம் கடை முகப்பு வரை கேட்டது என்று பேக்கரிக்காரர் சொன்னார். அவர்தான் ஓடிப்போய் மெயினை இறக்கினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தானின் சட்டைப் பையிலிருந்த பொருள்களை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேனா, அந்தப் பூட்டுச் சாவி. வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மீதி இருந்த கட்டை விரலும் சுண்டு விரலும் மடங்காது என்றார்கள்.

இரண்டாம் நாள் மின் துறை அதிகாரி பேக்கரிக்கு வந்தார். பெட்டியைத் திறந்தார். லேபிளில் பதினான்கு என்று இருக்கிறது, வயர் பத்தொன்பதில் இருக்கிறது. "யார் எழுதினது இது?" என்றார். பேக்கரிக்காரர், "அடிபட்டவர்தாங்க. முன்னாடி ஆபீஸ்ல இருந்தவரு, நடு வயசுல இந்த வேலைக்கு வந்தவரு" என்றார். அதிகாரி உச்சுக்கொட்டிவிட்டு எழுதிக்கொண்டார்: லேபிள் தவறு. "வயசான காலத்துல தெரியாத வேலைக்கு வந்தா இப்படித்தான். நீங்களும் கூட வச்சிக்கிட்டீங்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சுவிட்ச் கருகிய நாள் பேக்கரிக்காரர் கடை முகப்பில் நின்று ஆர்டர் கொடுத்தவர்களிடம் போனில் அலறிக்கொண்டிருந்தார், நான் எதை எங்கே மாட்டினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

ஏன் என்று கேட்டால் பயம். லைசென்ஸ் போய்விடும் என்கிற பயம், அக்கா முகத்தில் விழிக்க முடியாது என்கிற பயம். இதற்கு வேறு பெயர் வைத்து என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் போனேன். அவர் ஜன்னலோரம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடது கையால் பக்கத்தைப் புரட்டுவார்.

"தம்பி, பதினாலுக்கு டிக் போட்டிருக்கேன். பாக்காமலே டிக் போட்டிருக்கேன் பாரு. இருபத்து நாலு வருஷத்துல ஒரு ஃபைல் இடம் மாறினதில்ல என் கையில."

"விடுங்க அத்தான்" என்பேன். பரீட்சைத் தேதி வந்து போனது. பூட்டையும் டெஸ்டரையும் துடைத்து என்னிடமே கொடுத்து அனுப்பினார்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அலமாரியில் டப்பாக்கள் மொட்டையாக நின்றன. லேபிள் இருந்த இடத்தில் பசையும் காகிதப் பிசிறும் மட்டும் இருந்தன.

"என்னக்கா இது?"

"நேத்து முழுக்க இடது கையால உக்காந்து கிழிச்சாரு. நான் கிழிக்கிறேன்னு சொன்னாலும் விடல. என் கையெழுத்தை நம்பி இந்த வீட்டுல யாரும் எதையும் தொடக் கூடாதுங்கறாரு. எனக்குப் பயமா இருக்குடா. அடிபட்டதைக்கூடத் தாங்கிட்டாரு. இதைத் தாங்க மாட்டேங்கறாரு."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஜன்னலோரம் போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். லேபிள் சரி என்றேன். நீங்க எழுதின அன்னிக்கு அது சரி, நான்தான் வயரை மாத்தினேன் என்றேன். கருகிய சுவிட்ச், பத்தொன்பது, அந்தச் சாயங்காலக் காபி எல்லாம் சொன்னேன். அதிகாரி முன்னால் தலையாட்டியதையும் சொன்னேன்.

அக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுந்திரு. என் வீட்டை விட்டு வெளிய போ" என்றாள். கத்தக்கூட இல்லை.

"இரு" என்றார் அத்தான். அது அவளுக்குச் சொன்னதா எனக்கா தெரியவில்லை. நோட்டைப் புரட்டினார். பதினான்கு இருக்கிற வரியை இடது கைவிரலால் தடவினார். "அப்ப நான் பார்த்துதான் டிக் போட்டிருக்கேன்" என்றார்.

"ஆமா அத்தான்."

"எழுதிக் குடு."

அக்கா காகிதம் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அவருடைய பேனாவைத்தான் கொடுத்தார். என் கோழிக்கிறுக்கலில் தேதி முதல் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இன்னும் ஒண்ணு விட்டுப்போச்சு. நான் டெஸ்டர் வைக்கல. அதையும் எழுது. வச்சிருந்தா விரல் இருந்திருக்கும். ரெக்கார்டுன்னா முழுசா இருக்கணும்" என்றார்.

ஜுரமா என்று கேட்டு உங்களைக் கிண்டல் செய்தவன் நான்தானே என்றேன். "அப்ப அதையும் எழுது" என்றார். எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தன் பெயரை எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. நானோ அக்காவோ உதவிக்குப் போகவில்லை.

மறுநாள் அந்தக் காகிதத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். அத்தான் மேல் எழுதியிருந்ததை அடித்துவிட்டார்கள். என் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது நான் வேறொருவரிடம் ஹெல்பராக வேலை செய்கிறேன், மூன்று தடவை டெஸ்டர் வைக்கிறேன். பேக்கரித் தெருவில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அதிகாரி காகிதத்தில் அடித்ததைத் தெரு வாயில் அடிக்க முடியுமா?

ஐந்தாறு மாதம் கழித்து, அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை அலமாரி வாசலிலிருந்தே தெரிந்தது. மற்ற டப்பாக்கள் மொட்டையாகத்தான் இருந்தன. ஒன்றில் மட்டும் புதிதாக வெள்ளைத் தாள், கோணல் மாணலாக, எழுத்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு: உப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாசலில் நின்றுகொண்டே, "என்ன அத்தான், உப்பு திரும்பி வந்துடுச்சு போலிருக்கே!" என்றேன்.

அவர் ஜன்னலோரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். ரெக்கார்டு ரூமில் ஃபைல் கேட்டு வந்த ஆளைப் பார்ப்பது போலிருந்தது. என் பதினாறாவது வயதிலிருந்து என்னை நீ, தம்பி என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"வாங்க" என்றார். "உங்க அக்கா வெளிய போயிருக்கா. உட்காருங்க."

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.